ஊன்றிய கால்

தோட்டின் சுரை இறுகிப் போயிருந்தது. மகளுக்கு ஐந்து வயதாக இருந்தபோது அம்மா யாழ்ப்பாணம் போய், கஸ்தூரியார் வீதியில் சொல்லிச் செய்வித்துக் கொண்டுவந்த தோடு அது. நடுவில் ஒரு சிவப்புக் கல், சுற்றிவரப் பொட்டுப் பொட்டாக முத்து. அன்றைக்குப் பூட்டியதுதான், பிறகு நாலு வருடமாகக் கழற்றியதே இல்லை. 2020 ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக் குசினி விளக்குக்குக் கீழே பிள்ளையைக் கதிரையில் இருத்தி, சுரையைச் சுற்றித் தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு விட்டு, ஊறட்டும் என்று காத்துக்கொண்டு நின்றேன்.

"வெறுங்காதோடையோ பிள்ளையை விடப் போறாய்?" அம்மா கேட்டார்.

"தோட்டோடை போனால் நடுவர் உள்ளுக்கு விடமாட்டாரம்மா."

சமூக நிலையத்தில் தந்த தாளில் தெளிவாக எழுதியிருந்தது. தோடு, சங்கிலி, காப்பு, மோதிரம் ஒன்றும் போடக் கூடாது. மேலே பிளாஸ்ரர் ஒட்டி மறைத்தாலும் கூடாது. பந்துக்குப் பாயும் இன்னொரு பிள்ளையின் விரல் கொளுவினால் காது கிழிந்துவிடும். நியாயமான விதி. அம்மாவுக்கும் நியாயம் விளங்கியது. ஆனாலும் பேத்தியின் காதைப் பார்க்காமல் சுவாமிப் படத்தின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

விடிந்தால் மகளுக்கு முதல் ஆட்டம். பத்து வயதுக்குட்பட்ட பெண் பிள்ளைகளுக்கான பாஸ்கட்போல் லீக். சனிக்கிழமைகளில் நடக்கும், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சேர்ந்து ஆடும் சின்ன லீக்தான். ஆனால் மூன்று மாதமாக எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் இருக்கவில்லை.

இந்த ஆட்டம் எங்கள் வீட்டுக்குள் வந்த நாள் எனக்குத் துல்லியமாகத் தெரியும். 2019 மே 12. அன்று அன்னையர் தினம். ரொறன்ரோ ராப்ரர்ஸுக்கும் பிலடெல்பியாவுக்கும் ஏழாவது ஆட்டம். வென்றவர் மேலே போவார், தோற்றவர் வீட்டுக்குப் போவார். புள்ளி 90க்கு 90 என்று நின்றது. ராப்ரர்ஸின் கவாய் லெனர்ட் மூலையில் சரிந்துகொண்டே எறிந்த பந்து அந்தரத்தில் இருக்கும்போதே நேரம் முடிந்த மணி அடித்துவிட்டது. பந்து வளையத்தின் விளிம்பில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு தரம் குதித்து உள்ளே விழுந்தது. அதுவரை பந்தாட்டம் என்றால் எழும்பிப் போகும் என் மகள், அந்த நாலு குதிப்புக்கும் என் கையை நாலு தரம் இறுக்கிப் பிடித்தாள். யூன் 13ஆம் திகதி ரொறன்ரோ முதல்தடவையாக வெற்றிக் கிண்ணத்தை எடுத்தபோது தெருவெல்லாம் கார்களின் ஹோர்ன் சத்தம். கோடை முடிவதற்குள், தன்னையும் சேர்த்துவிடச் சொல்லி மகள் கேட்டுவிட்டாள். அவளைப்போலக் கேட்ட பிள்ளைகள் அந்த வருடம் நிறையப் பேர். பதிவு தொடங்குகிற நாள் விடிய எழும்பிக் கணினிக்கு முன்னால் இருந்துதான் இடம் பிடித்தோம்.

பந்து வாங்கப் போனோம். இந்த வயதுக்கு ஐந்தாம் இலக்கம். பெரிய ஆண்கள் ஆடுவது ஏழு, பெண்கள் ஆடுவது ஆறு. கடைத் தட்டிலிருந்து அதைத் தூக்கிக் கையில் எடுத்த கணத்தை எப்படிச் சொல்வது? என் இரண்டு கைகளும் அந்தப் பருமனை அறிந்திருந்தன. விரல்கள் தாமாக விரிந்து, பெருவிரல் இரண்டும் பின்னால் ஒன்றையொன்று தேடின. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் தொடாத ஒரு பொருளை நான் தொட்டிருந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. நாங்கள் ஊரில் ஆடிய வலைப்பந்தின் சுற்றளவு 69 முதல் 71 சென்ரிமீற்றர். ஐந்தாம் இலக்கப் பாஸ்கட்போலும் ஏறக்குறைய அதேதான். நிறைதான் இது கொஞ்சம் கூட.

யாழ்ப்பாணத்தில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு வலைப்பந்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பக்கத்துக்கு ஏழு பேர். வளையம் பாஸ்கட்போலைப் போலவே 3.05 மீற்றர் உயரத்தில்தான், ஆனால் பின்னால் பலகை கிடையாது. நெஞ்சில் எழுத்துப் பட்டி கட்டியிருப்போம். எந்த எழுத்துக்கு மைதானத்தில் எந்த இடம் வரை போகலாம் என்று கணக்கு உண்டு. நான் சென்ரர், ஆங்கிலத்தின் சீ எழுத்து. எறிகிற வட்டங்களைத் தவிர எங்கும் ஓடலாம், ஆனால் கோல் போட முடியாது. எல்லாவற்றையும்விட முக்கியமான விதி, பந்து கையில் இருந்தால் ஓட முடியாது. பிடித்த இடத்தில் நிற்க வேண்டும். மூன்று செக்கனுக்குள் இன்னொருவருக்குக் கொடுத்துவிட வேண்டும்.

எங்கள் பிள்ளைகள் இதில் இளைத்தவர்கள் அல்ல. 2018இல் இலங்கை ஆசிய வலைப்பந்துக் கிண்ணத்தை எடுத்தபோது அந்த அணியில் யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் இருந்தார். ஆறு அடி பத்து அங்குல உயரம். அடுத்த வருடம் லிவர்பூலில் உலகக் கிண்ணத்தில் அவர் ஆடியதை நானும் மகளும் ஒன்றாக இருந்து பார்த்தோம். தலைக்கு மேலே வரும் பந்தை ஒரு பூப் பறிக்கிறதுபோல எடுத்து வளையத்துக்குள் வைப்பார். "இவ தமிழா?" என்று மகள் கேட்டாள். ஓம் என்றேன். திரும்பவும் முதலிலிருந்து போடச் சொன்னாள்.

இந்தப் பெருமையோடுதான் நான் பழக்கத் தொடங்கினேன். ஒக்ரோபர் மாதம், பின்னேரங்களில், பள்ளிக்கூட வளவில் யாரும் இல்லாத வளையத்துக்குக் கீழே. நெஞ்சுக்கு நேரே இரண்டு கையாலும் எறிதல், தலைக்கு மேலால் எறிதல், தரையில் ஒரு குத்துக் குத்தி எறிதல். மகள் நன்றாகப் பிடித்தாள். பிடித்தவுடன் நான் சொல்வேன்: "நில்!" அவள் நிற்பாள். "பார்!" பார்ப்பாள். "குடு!" தருவாள். இரண்டு கிழமையில் அவளுடைய கை என்னுடைய கை மாதிரியே ஆகிவிட்டது. காலும்தான். அதுதான் பிழை.

சமூக நிலையத்தில் பயிற்சி தொடங்கியது. பந்து வந்தவுடன் தட்டிக்கொண்டு வளையத்தை நோக்கி ஓட வேண்டிய ஆட்டத்தில், என் பிள்ளை பந்து வந்த இடத்திலேயே வேர் விட்டதுபோல நின்றாள். முன்னால் வெளியாக இருந்தாலும் நின்றாள். யாராவது தன்னிடம் வருவார்கள், கொடுக்கலாம் என்று பார்த்துக்கொண்டு நின்றாள். மற்றப் பிள்ளைகள் ஓடச் சொல்லிக் கத்தினார்கள். அவள் திரும்பிச் சுவர்ப் பக்கம் இருந்த என்னைப் பார்த்தாள். நான் சொல்லிக்கொடுத்ததைத்தானே செய்கிறாள்! அந்தப் பார்வை என் வயிற்றைக் கலக்கியது.

அவர்களுடைய கோச் என் வயதை ஒத்த ஒரு பெண். யமேய்க்காவில் பிறந்தவர். இரவு வேலை முடித்துவிட்டுக் கண் சிவக்க நேரே பயிற்சிக்கு வருவார். அவருடைய மகளும் அதே அணி. இதற்காக ஒரு சதமும் வாங்குவதில்லை. பயிற்சி முடிந்து பிள்ளைகள் தண்ணீர் குடிக்கப் போனபோது மகளுக்கு ஏதோ சொல்லிக்கொடுக்க நான் பந்தை வாங்கினேன். தூரத்தில் நின்ற கோச் அதைக் கண்டுவிட்டுக் கையைத் தட்டித் தனக்கு எறியச் சொன்னார். எறிந்தேன். பிடித்தார். பிடித்த கணத்தில் அவருடைய வலது கால் தரையில் ஊன்றி நின்றது. இடது கால் மட்டும் மெல்ல எழும்பி, அந்தரத்திலேயே நின்று, பந்து கையைவிட்டுப் போன பிறகுதான் கீழே வந்தது. அது பாஸ்கட்போல் கால் இல்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"நீங்கள் வலைப்பந்து ஆடினீர்களா?" இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டோம்.

அவர் கோல் டிஃபென்ஸ். நான் சென்ரர். உலகத்தில் வலைப்பந்துக்குப் பேர்போன நாடுகளில் யமேய்க்கா ஒன்று. அங்கே பெண் பிள்ளைகளுக்கு அது எங்களுக்கு இருந்ததைவிடப் பெரிய காரியம். அந்த மண்டபத்தின் ஒரு கரையில் நானும் மறுகரையில் அவருமாக நின்று, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் பந்தை எறிந்துகொண்டோம். பிள்ளைகள் தண்ணீர்ப் போத்தலோடு நின்று பார்த்தார்கள். கிங்ஸ்ரனும் யாழ்ப்பாணமும் எவ்வளவு தூரம்! இரண்டு ஊரிலும் வெவ்வேறு ரீச்சர்மார் ஒரே காலை ஒரே மாதிரித் தூக்கப் பழக்கியிருக்கிறார்கள்.

போகும்போது அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. "நாங்கள் இரண்டு பேரும் நிற்கப் பழகி வளர்ந்தவர்கள். இவர்கள் முதலில் ஓடட்டும். ஓடி முடிந்த பிறகு நிற்க வேண்டி வரும். அப்போது நீ சொல்லிக்கொடுத்தது தேவைப்படும்."

அன்றைக்குப் பிறகு மகளை நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் இந்த ஆட்டத்தின் கதையை எடுத்து வாசித்தோம். ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1861இல் ஒன்ராறியோவில் அல்மொன்ற் என்ற ஊருக்குப் பக்கத்தில் பிறந்தவர். 1891 டிசெம்பரில், அமெரிக்காவில் மசசூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிறிங்ஃபீல்டில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தபோது, குளிர்காலத்தில் உள்ளே அடைபட்டிருந்த மாணவர்களுக்காக இந்த ஆட்டத்தை உண்டாக்கினார். மண்டபத்தின் இரண்டு பக்கமும் பீச் பழக் கூடை ஒவ்வொன்று அடித்தார். விதிகள் பதின்மூன்று எழுதினார். அதில் ஒன்றை வாசித்தவுடன் நான் புத்தகத்தை மூடிவிட்டுத் திரும்பவும் திறந்தேன். பந்தைப் பிடித்தவர் அதோடு ஓடக் கூடாது. பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும்.

பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவது அவர் எழுதிய விதிகளில் இல்லை. அது பிறகு ஆடியவர்கள் கொண்டுவந்து சேர்த்தது. அதற்குள் இந்த ஆட்டம் இங்கிலாந்தில் பெண்களின் கல்லூரிகளுக்குப் போய்விட்டது. அங்கே அது மெல்ல மெல்ல வலைப்பந்தாக மாறி, ஆங்கிலேயர் ஆண்ட நாடுகளின் பெண்கள் பள்ளிக்கூடங்களுக்குக் கப்பலேறியது. அப்படித்தான் கிங்ஸ்ரனுக்கும் வந்தது, எங்கள் ஊருக்கும் வந்தது. நான் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது பிழையான ஆட்டம் இல்லை, அந்த ஆட்டத்தின் பழைய வடிவம் என்று அறிந்தபோது என் மனம் ஆறியது. மகளுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். "அப்ப நீங்கள் ஓல்ட் வேர்ஷன் ஆடினீங்கள்" என்றாள்.

ஓடுகிற பகுதியைக் கோச்சிடம் விட்டுவிட்டேன். நான் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு சங்கதி. பாஸ்கட்போலிலும் நிற்க வேண்டிய கணம் ஒன்று உண்டு. தட்டிக்கொண்டு வந்த பந்தைக் கையில் பிடித்துவிட்டால் பிறகு தட்ட முடியாது, ஓடவும் முடியாது. ஒரு காலைத் தரையில் ஊன்றி, மற்றக் காலைச் சுற்றிச் சுற்றி வைத்து, யாருக்குக் கொடுக்கலாம் என்று பார்க்கலாம். பிவட் என்பார்கள். சின்னப் பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். மூன்று பேர் சுற்றிவரக் கையை உயர்த்திக்கொண்டு வந்தால் பயத்தில் இரண்டு காலையும் தூக்கிவிடுவார்கள். நடுவர் விசில் ஊதுவார். பந்து மற்றப் பக்கத்துக்குப் போய்விடும்.

நிலக்கீழ் அறையின் தரையில் ரேப் துண்டால் ஒரு சிலுவைக்குறி ஒட்டினேன். இடது காலின் பெருவிரல் மேடு அந்தக் குறியை விட்டு விலகக் கூடாது. அம்மாவைச் சோஃபாவிலிருந்து எழுப்பி, கையில் தும்புத்தடியைக் கொடுத்து, உயர்த்திப் பிடிக்கச் சொன்னேன். எதிரணியின் கை அது. முழங்கால் வருத்தத்தையும் பொருட்படுத்தாமல் அம்மா பேத்தியின் முகத்துக்கு முன்னால் தும்புத்தடியை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆட்டுவார். மகள் ஊன்றிய காலில் சுழன்று, தடிக்குக் கீழால் ஒரு பார்வை, பக்கத்தால் ஒரு பார்வை பார்த்துப் பந்தை எனக்குத் தருவாள். டிசெம்பர் முழுக்க இரவுச் சாப்பாட்டுக்கு முன் இருபது நிமிடம் இதுதான். அந்த ரேப் இரண்டு தரம் தேய்ந்து புதிதாக ஒட்டினோம்.

மற்ற ஆயத்தங்களை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். தரையில் கறுப்புக் கோடு விழுத்தாத அடி கொண்ட சப்பாத்து. அதை வெளியே போடவே கூடாது. பனிக்கு வீதியில் தூவும் உப்பு அடியில் ஒட்டினால் மண்டபத்தில் வழுக்கும். நகம் ஒட்ட வெட்ட வேண்டும். சப்பாத்து நாடாவை இரட்டை முடிச்சுப் போட அவளே பழக வேண்டும், ஏனென்றால் ஆட்டத்தின் நடுவில் அம்மா ஓடிப்போக முடியாது. நீளமான இரட்டைப் பின்னல் சுழலும்போது மற்றப் பிள்ளையின் கண்ணில் அடிக்கும். இரண்டையும் சேர்த்து மடித்துக் கட்ட வேண்டும். தந்த சட்டையின் இலக்கம் 8. முழங்காலைத் தொட்டது. உள்ளே செருகிவிட்டோம்.

என்னைத்தான் ஆயத்தப்படுத்த வேண்டியிருந்தது. என் முதல் ஆட்டம் 1992இல். பதின்மூன்று வயது. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத, மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் வரிசையில் நின்ற காலம். பள்ளிக்கூடத்தில் இருந்தது ஒரே ஒரு பந்து. தையல் விட்ட இடத்தைச் சப்பாத்துத் தைப்பவரிடம் கொடுத்துத் தைத்திருந்தார்கள். அந்தத் தையல் கையில் படும்போது பந்து கொஞ்சம் விலகிப் போகும். எங்களுக்கு அது பழகிவிட்டது. காலையில் அம்மா முட்டைக்கோப்பி அடித்துத் தந்தார், தெம்புக்கு. மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்து, வேப்பமரத்துக்குப் பின்னால் முழுவதையும் சத்தி எடுத்தேன். ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது, புள்ளி சமமாக இருக்கும்போது, நான் கொடுத்த பந்து எதிர்ப் பக்கத்துப் பிள்ளையின் கைக்கு நேரே போனது. அவர்கள் கோல் போட்டார்கள். தோற்றோம்.

அப்பா வேலிக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேலைக்குப் போகாமல் வந்திருந்தார் என்பது பிறகுதான் தெரியும். ஆட்டம் முழுக்க ஒரு சத்தம் போடவில்லை. நான் அழுது வீங்கிய முகத்தோடு வந்தபோது, "பசிக்குதோ?" என்று மட்டும் கேட்டார். சைக்கிள் பாரில் இருத்தி, சந்தியில் ஒரு சுருள் கச்சான் வாங்கித் தந்து, வீடு வரும்வரை வேறு கதையே பேசினார். அந்தப் பந்தைப் பற்றி அன்றைக்கும் கேட்கவில்லை, கண் மூடும்வரைக்கும் கேட்கவில்லை. அவர் பார்த்தார் என்பது எனக்குத் தெரியும். பார்த்தும் சொல்லவில்லை என்பதை நினைக்க நினைக்க அவர்மேல் எனக்கு அன்பு கூடிக்கொண்டே வந்திருக்கிறது.

சுரை கழன்றது. தோட்டையும் சுரையையும் அம்மாவின் பழைய குங்குமச் சிமிழுக்குள் போட்டு என் கைப்பையில் வைத்தேன். மகளின் காதுமடலில் கல் இருந்த இடம் வெளிறி, வட்டமாகத் தெரிந்தது. படுக்கப் போட்டு விளக்கை அணைக்கும்போது கேட்டாள்:

"அம்மா, போல் எனக்கு வந்தா என்ன செய்யிறது?"

மூன்று மாதம் பழகிய பிள்ளை. வராவிட்டால் என்ன செய்வது என்று கேட்பாள் என்றுதான் நினைத்திருந்தேன். வந்துவிடுமோ என்பதுதான் அவளுடைய பயம். எனக்கும் அந்த வயதில் அதே பயம்தான் இருந்தது, ஆனால் அதை யாரிடமும் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் படுத்துக்கொண்டேன்.

"முன்னுக்கு ஆள் இல்லாட்டி ஓடு. ஆள் நிண்டால் நில். நிண்டால் மூண்டு எண்ணலாம். மூண்டு நீளமான நேரம் குஞ்சு. எண்ணிப் பார்."

இருட்டில் எண்ணினாள். மெதுவாக, ஒவ்வொன்றுக்கும் மூச்சு விட்டு. இரண்டாம் தரம் எண்ணும்போது நித்திரையாகிவிட்டாள்.

காலையில் அம்மா முட்டைக்கோப்பியோடு நின்றார். இருபத்தெட்டு வருடம் கழித்து அதே கோப்பை, அதே அன்பு. வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. "ஒரு வாய் மட்டும்" என்றேன். மகள் ஒரு வாய் குடித்தாள். பிறகு பாணும் வாழைப்பழமும், ஆட்டத்துக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு முன். அம்மா திருநீறு பூசிவிட்டார். வெறுங்காதுகள் இரண்டையும் தன் உள்ளங்கைகளால் ஒருதரம் மூடி எடுத்தார்.

வெளியே பனி. என் கணவர் காரைச் சுரண்டித் துப்புரவாக்கும்போது நான் சப்பாத்துப் பையை மடியில் வைத்திருந்தேன். மண்டபத்தில் நாலைந்து வாங்குகள், அவற்றில் எங்களைப்போலக் குளிர்கோட்டோடு அம்மா அப்பாமார். ஸ்காபரோவின் எல்லா முகங்களும் அங்கே இருந்தன. பிலிப்பீனோ, யமேய்க்கன், குஜராத்தி, சீனர், நாங்கள். நடுவர் பதினாறு வயது மதிக்கத்தக்க பையன். வரிசையாகப் பிள்ளைகளின் காதையும் கழுத்தையும் பார்த்தான். மகள் தானாகவே தலையைச் சாய்த்துக் காட்டினாள்.

இந்த லீக்கில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. எல்லாப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே அளவு நேரம் ஆட வேண்டும். மணி அடித்தால் ஐந்து பேர் வெளியே, ஐந்து பேர் உள்ளே. கெட்டிக்காரப் பிள்ளைக்குக் கூட இல்லை, புதுப் பிள்ளைக்குக் குறைய இல்லை. சுவரில் புள்ளிப் பலகையும் போடமாட்டார்கள். பெற்றோரில் சிலருக்கு அது குறை. எனக்கு அதில் குறை தெரியவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஆட்டத்தில் இருக்க இடம் கிடைத்தால்தானே ஆட்டம் பழகும்?

முதல் இரண்டு முறை உள்ளே போனபோது பந்து அவளிடம் வரவேயில்லை. ஓடினாள், திரும்பினாள், தன் பக்கத்துக்கு வந்த பிள்ளையை விடாமல் காவல் காத்தாள். மூன்றாம் முறை, மூலையில், பந்து தரையில் உருண்டு அவளுடைய காலடிக்கு வந்தது. எடுத்தாள். இரண்டு தட்டுத் தட்டினாள். முன்னால் மூன்று பேர். மஞ்சள் சட்டைகள். ஆறு கைகளும் உயர்ந்து நின்றன. அவள் பந்தைப் பிடித்தாள்.

வாங்கில் இருந்தபடியே என்னுடைய இடது கால் தரையை அழுத்தியது. இவர் என் தோளில் கை வைத்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

அவளுடைய இடது சப்பாத்து தரையில் ஊன்றி நின்றது. வலது கால் ஒரு தரம் முன்னுக்குப் போனது, அடைபட்டது. பின்னுக்குச் சுழன்றது. உதடு அசைந்தது எனக்குத் தெரிந்தது. எண்ணுகிறாள். மஞ்சள் கைகளுக்குக் கீழே, தும்புத்தடிக்குக் கீழே பார்ப்பதுபோலக் குனிந்து பார்த்தாள். தரையில் ஒரு குத்து. பந்து இரண்டு பிள்ளைகளுக்கு நடுவால் போய், கோச்சின் மகளுடைய கையில் இருந்தது. அந்தப் பிள்ளை எறிந்தாள். வளையத்தில் பட்டு வெளியே போனது.

அவ்வளவுதான். கோல் இல்லை. யாரும் பெரிதாகக் கை தட்டவும் இல்லை. ஆட்டம் அந்தப் பக்கம் ஓடிவிட்டது. கோச் மட்டும் திரும்பி, மண்டபத்துக்குக் குறுக்கே என்னைத் தேடிப் பார்த்து, தன் வலது காலை ஒருதரம் தரையில் தட்டிக் காட்டினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் ஒளிக்கவில்லை.

நாங்கள் தோற்றோம் என்று பிள்ளைகள் தங்களுக்குள் எண்ணி வைத்திருந்தார்கள். அந்த வருடம் மார்ச்சில் தொற்றுநோய்க்காக எல்லாம் மூடப்பட, மிச்ச ஆட்டங்கள் நடக்கவேயில்லை. ஆனால் அன்றைக்கு அது யாருக்குத் தெரியும்? காரில் ஏறியவுடன் எனக்குள் நூறு சொல் வந்தது. காவல் காத்தது நல்லது, இடது கையாலும் தட்டலாம், அந்தப் பந்தை என்ன அழகாகக் கொடுத்தாய். எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு, திரும்பிப் பார்த்துக் கேட்டேன்:

"பசிக்குதோ?"

"ஓம். சரியான பசி."

வழியில் கொத்துரொட்டி வாங்கினோம். சாப்பிட்டுக்கொண்டே பள்ளிக்கூடத்துச் சிநேகிதியின் முயலைப் பற்றிக் கதைத்தாள். நாங்களும் முயலைப் பற்றியே கதைத்தோம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "தோடு எங்கை?" சிமிழை எடுத்துக் கொடுத்தேன். பேத்தியை அதே விளக்குக்குக் கீழே நிறுத்தி, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, காதின் துவாரத்தைத் தேடிக் கம்பியைச் செருகினார். இனித்தான் மகளுக்குக் கதை வந்தது. அம்மம்மாவுக்குச் சொன்னால்தான் அது நடந்தது ஆகும் போலிருந்தது. மூன்று பேர் வந்தவை, யெல்லோ ரீம், கையெல்லாம் மேலே, நான் இப்பிடி நிண்டன், என்று சொல்லிக்கொண்டே மேசோடு நின்ற வலது காலை வழுவழுத்த தரையில் முன்னுக்கும் பின்னுக்கும் சுழற்றினாள்.

"அசையாதை பிள்ளை, சுரை விழப் போகுது" என்றார் அம்மா.

"நான் அசையேல்லை அம்மம்மா. பாருங்கோ, மற்றக் காலைப் பாருங்கோ."

அம்மா சுரையைப் பிடித்த விரல்களை விடாமல், மெல்லக் குனிந்து பார்த்தார்.